பயணத்தில் லேப்டாப்புக்கு நம்பகமான நெட்: வால்பாறை, ஏற்காடு வரை வீடியோ மீட்டிங்கோடு போக என்ன ஏற்பாடு செய்யலாம்?

வேளச்சேரி_வடக்கு எழுதியது:

வணக்கம். ஐப்பசி, கார்த்திகையில் வேலையோடு ஊர் சுற்றும் திட்டம். சென்னையிலிருந்து கும்பகோணம், தென்காசி, பிறகு பொள்ளாச்சி வழியாக வால்பாறை, கடைசியில் ஏற்காடு. ரயிலும் பஸ்ஸும்தான். தங்குவது லாட்ஜிலும் ஹோம்ஸ்டேயிலும்.

தேவை இவ்வளவுதான்: தினமும் சுமார் 3 மணி நேரம் குழு மீட்டிங், ஆபீஸ் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் வழி), நடுத்தர அளவு ஃபைல்கள். விண்டோஸ் 11 லேப்டாப், 5ஜி ஆண்ட்ராய்டு ஃபோன், அதில் ஜியோ ப்ரீபெய்டு, நாளைக்கு 2 ஜிபி. பெரிய வேகம் வேண்டாம். மீட்டிங் நடுவில் அறுந்து போகக்கூடாது, அதுதான் முக்கியம்.

டாங்கிள் (சிம் போட்டு லேப்டாப்பில் மாட்டும் சின்ன நெட் கருவி) வாங்கலாமா, இன்னொரு சிம் போதுமா, லாட்ஜ் வைஃபையை நம்பலாமா? வேறு எதையாவது முன்கூட்டியே சரிசெய்ய வேண்டுமா?

---

பரங்கிமலை எழுதியது:

இரண்டாவது சிம் கட்டாயம். ஆனால் எந்த சிம் என்பதைக் கோபுரத்தை வைத்து முடிவு செய்யுங்கள், விலையை வைத்து அல்ல. ஏர்டெல், வி (வோடஃபோன் ஐடியா) இரண்டும் பெரும்பாலும் இண்டஸ் டவர்ஸ் கோபுரங்களில்தான் இருக்கின்றன. அந்த இரண்டை மட்டும் வைத்திருந்தால், ஒரு கோபுரத்தில் மின்சாரம் போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும். நீங்கள் போவது வடகிழக்குப் பருவமழைக் காலம். கரண்ட் நீண்ட நேரம் இல்லையென்றால் கோபுரத்தின் பேட்டரியும் தீரும். ஜியோவின் கோபுரங்களில் பெரும்பகுதி வேறு நிறுவனத்தினுடையவை, பிஎஸ்என்எல்லுக்குச் சொந்தக் கோபுரங்கள் உண்டு. உங்களிடம் ஜியோ இருப்பதால் துணைக்கு ஏர்டெல் எடுங்கள். மலைப்பகுதிக்கு மூன்றாவதாக ஒரு பிஎஸ்என்எல் இருந்தால் இன்னும் நல்லது.

பிஎஸ்என்எல் எடுப்பதற்கு முன் ஃபோனில் பேண்ட் 28 (ஒரு அலைவரிசைத் தொகுதி) இருக்கிறதா என்று பாருங்கள். அவர்களின் 4ஜி 700 மெகாஹெர்ட்ஸிலும் (பேண்ட் 28) 2100 மெகாஹெர்ட்ஸிலும் (பேண்ட் 1) ஓடுகிறது. தூரம் போவதும் சுவரைத் தாண்டி வருவதும் 700தான். பழைய ஃபோன்களிலும் மலிவான டாங்கிள்களிலும் பேண்ட் 28 இருக்காது, அதனால் கோபுரம் எதிரே இருந்தும் 4ஜி கிடைக்காது. குறை சிம்மில் இல்லை, கருவியில்.

சிம் வாங்கும் நேரமும் முக்கியம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வீட்டிலேயே ஓட்டிப் பாருங்கள். இப்போதுள்ள சிம்மை இ-சிம்மாக மாற்றுவதாக இருந்தால் கடைசி நாளில் செய்யவே வேண்டாம். சிம் மாற்றிய பிறகு 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடியைத் தடுக்க வந்த விதி அது. வங்கி ஓடிபி, ஆபீஸ் லாகின் ஓடிபி, ரயில் நிலைய வைஃபை ஓடிபி எல்லாமே அந்த ஒரு நாள் நின்றுவிடும்.

5ஜி வரம்பற்றது என்பதை நம்பி டேட்டா கணக்குப் போடாதீர்கள். ஃபோன் 5ஜியில் நிற்கும் வரைதான் அது வரம்பற்றது. அறைக்குள் போய் 4ஜிக்கு இறங்கிய நொடியிலிருந்து தினசரி 2 ஜிபி கரையும், அது தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ். அதில் வாட்ஸ்அப் செய்தி போகும், மீட்டிங் போகாது. ஜூமில் 720பி குழு வீடியோவுக்கு வரவும் போகவும் சேர்த்து மணிக்கு 2 ஜிபி வரை ஆகும். உங்கள் 3 மணி நேரத்துக்கு 6 ஜிபி என்று வையுங்கள். எச்டியை அணைத்து உங்கள் கேமராவையும் அணைத்தால் இது வெகுவாகக் குறையும். குரல் மட்டும் என்றால் மணிக்கு 100 எம்பிக்குள் அடங்கும். மலையில் இருக்கும் நாட்களுக்கு இரண்டு சிம்மிலும் டேட்டா கூடுதல் பேக் போட்டு வைப்பதுதான் சரி.

கடைசியாக ஒன்று: சிக்னல் கட்டங்களைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஆண்ட்ராய்டில் டயலரைத் திறந்து நட்சத்திரம், ஹேஷ், நட்சத்திரம், ஹேஷ், 4636, ஹேஷ், நட்சத்திரம், ஹேஷ், நட்சத்திரம் என்று அடித்தால் பெரும்பாலான ஃபோன்களில் சோதனைத் திரை வரும். அதில் ஆர்எஸ்ஆர்பி (சிக்னல் வலிமை) எண் மைனஸ் 90க்கு மேலே இருந்தால் நல்ல சிக்னல். மைனஸ் 110க்குக் கீழே போனால் ஜன்னலோரம் மாறுங்கள், மாடிக்குப் போங்கள், இடம் மாற்றினால் பலன் இருக்கும். ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 85 காட்டியும் வேகம் வரவில்லையா? அது நெரிசல். அந்தக் கோபுரத்தில் ஆட்கள் அதிகம். எங்கே நகர்ந்தாலும் மாறாது, உடனே அடுத்த சிம்முக்குப் போங்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் மீட்டிங்குக்கு முன்பு அரைமணி நேரம் ஃபோனைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

---

ரிச்சி_தெரு எழுதியது:

பரங்கிமலை சொன்னது கோபுரத்திலிருந்து ஃபோன் வரைக்கும். பாதி பிரச்சினை ஃபோனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல இருக்கிற ரெண்டு அடியிலதான் வருது.

முடிஞ்ச வரைக்கும் வைஃபை ஹாட்ஸ்பாட் வேண்டாம், யுஎஸ்பி டெதரிங் (கேபிள் வழியா ஃபோன் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கிறது) போடுங்க. தாமதம் ஒரே சீரா இருக்கும், பக்கத்து அறை வைஃபை குறுக்கே வராது, ஃபோனும் சார்ஜ் ஆகும். கேபிள்தான் முக்கியம். சார்ஜுக்கு மட்டும் வர்ற கேபிள்ல டேட்டா கம்பியே இருக்காது, டெதரிங் பட்டன் மங்கலாவே நிக்கும். கடையிலேயே ஃபோனையும் லேப்டாப்பையும் மாட்டி, ஃபைல் தெரியுதான்னு பார்த்து வாங்குங்க. ஒரு மீட்டர் போதும். ரெண்டு வாங்குங்க, பயணத்துல முதல்ல சாகிறது கேபிள்தான்.

கேபிள் அசைஞ்சா டெதரிங் அணைஞ்சுடும், ஒவ்வொரு தடவையும் திரும்ப ஆன் பண்ணணும். அதைத் தவிர்க்க ஃபோனோட டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல டீஃபால்ட் யுஎஸ்பி கான்ஃபிகரேஷனை யுஎஸ்பி டெதரிங்னு வச்சுடுங்க. மாட்டின உடனே தானா வரும்.

இப்ப விண்டோஸ். செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதுல உங்க கனெக்ஷன், அதோட ப்ராப்பர்டீஸ்ல மீட்டர்டு கனெக்ஷனை (டேட்டாவுக்கு அளவு உண்டுன்னு விண்டோஸுக்குச் சொல்ற அமைப்பு) ஆன் பண்ணுங்க. நிறைய பேர் வைஃபைக்கு மட்டும் இதைச் செஞ்சுட்டு விட்டுடுறாங்க. யுஎஸ்பியில மாட்டின ஃபோனை விண்டோஸ் ஈதர்நெட்னுதான் பார்க்குது. வீட்டு பிராட்பேண்ட்னு நினைச்சு அப்டேட்டை இறக்க ஆரம்பிச்சுடும். ஈதர்நெட்டுக்கும் தனியா மீட்டர்டு போடணும். மீட்டர்டுன்னு தெரிஞ்சா ஒன்டிரைவ் தானா நிக்கும், விண்டோஸ் அப்டேட்டும் பெரும்பாலும் காத்திருக்கும். மத்த கிளவுட் டிரைவ், கேம் லாஞ்சர் எல்லாம் நீங்களே நிறுத்தணும். சென்னையை விட்டு கிளம்புறதுக்கு முந்தின நாள் எல்லா அப்டேட்டையும் வீட்டு நெட்ல முடிச்சு ரீஸ்டார்ட் பண்ணிடுங்க.

ஃபோன் பக்கமும் பாருங்க. ஃபோட்டோ பேக்கப்பை வைஃபையில மட்டும்னு வைங்க. ஆனா டேட்டா சேவரை ஆன் பண்ணாதீங்க, பல ஆண்ட்ராய்டு ஃபோன்ல அது ஆன்ல இருந்தா ஹாட்ஸ்பாட்டே எழும்பாது. "நெட் இருக்கு, ஹாட்ஸ்பாட் வரலை"ங்கிற புகாருக்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

வைஃபை ஹாட்ஸ்பாட்தான் வழின்னா 5 கிகாஹெர்ட்ஸ் வைங்க. 2.4ல வைக்க வேண்டி வந்தா, யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கையோ ஹப்பையோ ஃபோன்கிட்ட வைக்காதீங்க. யுஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல இரைச்சல் கிளம்பும், சிக்னல் முழுசா காட்டும், டேட்டா பாக்கெட் மட்டும் தொலையும். ஹாட்ஸ்பாட் தானா அணையுற ஆப்ஷனையும் எடுத்துடுங்க, இல்லைன்னா மதியச் சாப்பாட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள போயிருக்கும்.

---

வேளச்சேரி_வடக்கு எழுதியது:

மிக்க நன்றி, இருவருக்கும். ஈதர்நெட்டுக்குத் தனியாக மீட்டர்டு போட வேண்டும் என்பது இதுவரை தெரியாது. இரண்டு கேள்விகள். வீட்டில் ஒரு பழைய 4ஜி ஃபோன் இருக்கிறது. இரண்டாவது சிம்மை அதில் போடுவதா, பாக்கெட் ரவுட்டர் (சிம் போடும் கையடக்க வைஃபை கருவி) ஒன்று வாங்குவதா? இன்னொன்று: ஹாட்ஸ்பாட்டில் விபிஎன் இணைகிறது, மெயில் வருகிறது, ஆனால் ஆபீஸ் ஷேர்டு டிரைவில் பெரிய ஃபைல் திறந்தால் அப்படியே நிற்கிறது. வீட்டு பிராட்பேண்டில் இது வருவதில்லை.

---

பாக்கெட்_1400 எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு: எம்டியு (ஒரு டேட்டா பாக்கெட்டின் உச்ச அளவு) பிரச்சினையின் சரியான அடையாளம் இது. சின்னப் பாக்கெட் போகிறது, பெரிய பாக்கெட் தொலைகிறது. மொபைல் பாதையில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு பெரும்பாலும் 1500 பைட்டுக்குக் குறைவு. விபிஎன் தன் உறையை மேலே சேர்ப்பதால் அளவு இன்னும் கூடுகிறது. துண்டாக்கவும் முடியாமல், "பெரிதாக இருக்கிறது" என்ற பதிலும் வழியில் தடுக்கப்பட்டால், லேப்டாப் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். திரையில் நமக்குத் தெரிவது உறைந்த ஃபைல்.

அளக்க வேண்டுமானால் விபிஎன்னை நிறுத்திவிட்டு, துண்டாக்கக் கூடாது என்ற தெரிவோடு பிங் கட்டளையை ஓட்டுங்கள். 1472 பைட்டில் ஆரம்பித்துப் பத்துப் பத்தாகக் குறையுங்கள். பதில் வரத் தொடங்கும் எண்ணோடு 28 சேர்த்தால் பாதையின் எம்டியு. உங்கள் விபிஎன் வயர்கார்டு வகை என்றால் அதிலிருந்து 80 கழித்து அமையுங்கள். அளக்க நேரமில்லையென்றால் விபிஎன் அடாப்டரின் எம்டியுவை நேரே 1280 என்று வையுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், நிற்காது. ஆபீஸ் லேப்டாப்பில் இதை மாற்ற உங்களுக்கு அனுமதி இருக்காது. ஐடி பிரிவிடம் "விபிஎன் இன்டர்ஃபேஸ் எம்டியு 1280" என்று இதே சொற்களில் கேளுங்கள், புறப்படும் முன்பே.

மொபைல் நெட்டில் இன்னொரு சிக்கல்: உங்களுக்குப் பொது ஐபிவி4 முகவரி கிடைப்பதில்லை, ஆயிரக்கணக்கானோர் ஒரே முகவரியைப் பகிர்கிறீர்கள். சும்மா இருக்கும் யுடிபி (பல விபிஎன்கள் டேட்டா அனுப்பும் முறை) இணைப்பை மொபைல் நிறுவனத்தின் கருவி சீக்கிரமே மறந்துவிடும். டீ குடித்துவிட்டு வந்தால் விபிஎன் இணைந்ததாகவே காட்டும், எதுவும் நகராது. விபிஎன்னில் கீப்அலைவ் (இணைப்பை உயிரோடு வைக்க இடையிடையே அனுப்பும் சிறு பாக்கெட்) 25 விநாடி என்று வைத்தால் தீரும். லாட்ஜ் வைஃபையில் விபிஎன் இணையவே இல்லையென்றால் அங்கே யுடிபி 500, 4500 போர்ட்டுகள் மூடப்பட்டிருக்கலாம். உங்கள் விபிஎன்னில் டிசிபி 443க்கு மாறும் வழி இருக்கிறதா என்று அதே ஐடி ஆட்களிடம் கேட்டு வையுங்கள்.

லாட்ஜ் வைஃபையின் லாகின் பக்கம் வராமல் போவதற்கும் பல நேரம் விபிஎன்தான் காரணம். முதலில் விபிஎன்னையும் தனிப்பட்ட டிஎன்எஸ் அமைப்பையும் அணையுங்கள், லாகின் முடியுங்கள், பிறகு விபிஎன் போடுங்கள்.

---

பழைய_மாடல் எழுதியது:

பழைய ஃபோனே சிறந்தது என்பேன். பாக்கெட் ரவுட்டர்களில் பல 4ஜியின் நான்காம் வகை, 150 எம்பிபிஎஸ் என்று அட்டையில் போட்டிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு பேண்ட் மட்டும்தான் பிடிக்கும். ஓரளவு நல்ல ஃபோன் இரண்டு மூன்று பேண்ட்களைச் சேர்த்துப் பிடிக்கும், நெரிசலில் வித்தியாசம் தெரியும். குறிப்பிட்ட நிறுவனத்துக்குப் பூட்டப்பட்ட டாங்கிள் என்றால் வேறு சிம்மையே ஏற்காது. ஏர்ஃபைபர் (கம்பியில்லாத வீட்டு நெட்) பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அது பதிவு செய்த முகவரிக்கான இணைப்பு, பயணத்துக்கு ஆகாது.

பழைய ஃபோனில் கவனிக்க வேண்டியது சூடும் பேட்டரியும். நாள் முழுக்கச் சார்ஜில் வைத்து ஹாட்ஸ்பாட் ஓட்டினால் பேட்டரி வீங்கும். பின்பக்கம் மேடு தட்டினாலோ திரை ஓரம் விலகினாலோ அந்த ஃபோன் வேண்டாம். 80 சதவீதத்தில் சார்ஜ் நிற்கும் அமைப்பு இருந்தால் போடுங்கள். கவரைக் கழற்றி நிழலில், காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். பஸ் ஜன்னல் விளிம்பில் வெயிலில் வைத்தால் ஃபோன் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், நெட் மந்தம் என்று நிறுவனத்தைத் திட்டுவோம்.

இரண்டு ஃபோனையும் சேர்த்து இப்படி அமையுங்கள்: ஜியோ ஃபோன் யுஎஸ்பியில், ஏர்டெல் ஃபோன் வைஃபை ஹாட்ஸ்பாட்டில். விண்டோஸ் தானாக மாறிக்கொள்ளும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கேபிள் இணைப்பு உயிரோடு இருந்து அதற்குப் பின்னால் நெட் செத்திருந்தால் விண்டோஸ் அதையே பிடித்துக்கொண்டு நிற்கும். நீங்களே கேபிளைப் பிடுங்க வேண்டும். பிடுங்கியதும் சில விநாடிகளில் வைஃபை வழியே மீட்டிங் திரும்ப இணையும்.

---

எழும்பூர்_நடைமேடை எழுதியது:

ரயிலுக்குச் சில குறிப்புகள். ஓடும் ரயிலில் ஃபோனை 4ஜி மட்டும் என்று பூட்டுங்கள். வேகமாக ஓடும்போது 5ஜிக்கும் 4ஜிக்கும் இடையே ஃபோன் தாவிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு தாவலிலும் குரல் அறுபடும். ஏசி பெட்டியின் உலோக உடலும் கண்ணாடிப் பூச்சும் சிக்னலை உறிஞ்சும். ஃபோன் ஜன்னல் ஓரம் இருக்கட்டும், லேப்டாப் மடியில் இருக்கட்டும். கேபிள் ஒரு மீட்டர் என்று மேலே சொன்னது இங்கே உதவும்.

ரயிலில் முக்கியமான மீட்டிங் வைக்காமல் இருப்பதே நல்லது. ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் நடுவே மொரப்பூர், பொம்மிடி பக்கம் காடும் மலையும்தான், சிக்னல் விட்டுவிட்டு வரும். தென்காசியிலிருந்து செங்கோட்டை தாண்டிப் புனலூர் பக்கம் போகும் எண்ணம் இருந்தால், அந்த மலைப்பாதையில் சுரங்கங்கள் உண்டு, எந்த சிம்மும் உதவாது. பொள்ளாச்சி தாண்டி ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அந்த நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிட வேண்டாம்.

ரயில் நிலையங்களில் ரயில்வயர் வைஃபை இருக்கிறது. ஃபோன் எண், ஓடிபி கொடுத்தால் முதல் 30 நிமிடம் இலவசம், வேகம் 1 எம்பிபிஎஸ். மெயில் அனுப்பவும் டாக்குமெண்ட் இறக்கவும் போதும், வீடியோவுக்கு அல்ல.

சார்ஜ்: பெட்டியின் பிளக் பாயிண்ட் இரவு 11 முதல் காலை 5 வரை அணைக்கப்படும், படுக்கும் முன் ஏற்றிவிடுங்கள். எல்எச்பி (புதிய வகை) பெட்டிகளில் 110 வோல்ட்தான் வரும். அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. பவர்பேங்க் வாங்கினால் யுஎஸ்பி-சி பிடி (லேப்டாப்பையும் சார்ஜ் செய்யும் வகை), 65 வாட் கொடுப்பதாகப் பாருங்கள். 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட் மணி. இழப்பு போக, 50 வாட் மணி லேப்டாப் பேட்டரியை ஒரு முறை நிரப்பும். திரும்பும்போது விமானத்தில் வந்தாலும் 100 வாட் மணிக்குள் என்பதால் கைப்பையில் அனுமதி உண்டு. செக்-இன் பெட்டியில் போடக்கூடாது.

---

வேளச்சேரி_வடக்கு எழுதியது:

எல்லாம் குறித்துக்கொண்டேன். வால்பாறை ஹோம்ஸ்டேயில் "ஃபைபர் வைஃபை உண்டு" என்கிறார்கள். பணம் கட்டும் முன் அவர்களிடம் என்ன கேட்பது?

---

பரங்கிமலை எழுதியது:

"வைஃபை இருக்கா" என்று கேட்டால் எல்லோரும் இருக்கு என்பார்கள். இப்படிக் கேளுங்கள்: எந்த நிறுவனம், எத்தனை எம்பிபிஎஸ் பிளான், ரவுட்டர் எந்த அறையில், நீங்கள் தங்கும் அறைக்குள் நின்று வேகச் சோதனை ஓட்டி ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்ப முடியுமா. அப்லோடு எண்ணையும் பாருங்கள். மீட்டிங்குக்கு 3 எம்பிபிஎஸ் அப்லோடு சீராக வந்தால் தாராளம். அவர்கள் வீட்டில் எந்த சிம்மில் பேசுகிறார்கள் என்றும் கேளுங்கள். கவரேஜ் வரைபடத்தை எல்லா நிறுவனங்களும் தங்கள் தளத்தில் போட்டிருக்கின்றன, ஆனால் மலைச்சரிவின் எந்தப் பக்கம் வீடு இருக்கிறது என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

---

ரிச்சி_தெரு எழுதியது:

கூடவே, கரண்ட் போனா ரவுட்டருக்கு பேக்கப் இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் எடுத்துட்டுப் போங்க, உள்ளங்கை அளவுதான். ரவுட்டர் அடாப்டர்ல 12 வோல்ட், எத்தனை ஆம்பியர்னு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. 2 ஆம்பியர் யுபிஎஸ் பெரும்பாலும் சரியா வரும். பின்னோட உள்துளை 2.1 மில்லிமீட்டரா 2.5ஆன்னு பார்த்து, ரெண்டுக்கும் கன்வெர்ட்டர் பின் வாங்கிக்கோங்க. ஃபைபர் டப்பாவும் வைஃபை ரவுட்டரும் தனித்தனியா இருந்தா ரெண்டுக்கும் கரண்ட் வேணும், ரெண்டு அவுட்புட் உள்ள மாடலா பாருங்க.

இது வேலை செய்றது வீடு வரைக்கும் நேரடி ஃபைபர் வந்தா மட்டும்தான். அதுல நடுவுல கரண்ட் தேவைப்படுற கருவி கிடையாது, எக்ஸ்சேஞ்ச்ல கரண்ட் இருந்தா போதும். உள்ளூர் கேபிள்காரர் கம்பத்துல ஸ்விட்ச் பெட்டி வச்சு அங்கிருந்து நெட்வொர்க் கேபிள் இழுத்திருந்தா, தெருவுல கரண்ட் போன உடனே அந்தப் பெட்டியும் போயிடும். வீட்டு வாசல்ல வர்ற கம்பி கண்ணாடி ஃபைபரா, எட்டுக் கம்பி கேபிளான்னு அந்த போட்டோவுலயே காட்டச் சொல்லுங்க. எட்டுக் கம்பின்னா யுபிஎஸ் வாங்குற காசை டேட்டா பேக்ல போடுங்க.